போஸ்கோ குரினுக்கு அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

கேள்வி: சூரிச்சில் வசிக்கிறோம். செப்டம்பரில் அப்பா அம்மா வருகிறார்கள். லூசெர்ன், இன்டர்லாக்கன் எல்லாம் போன முறையே பார்த்தாயிற்று. இத்தாலியன் பேசும் டிச்சீனோ மாநிலத்தில் போஸ்கோ குரின் மட்டும் ஜெர்மன் பேசும் ஊர் என்கிறார்கள். அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா? அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு.

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். லொகார்னோ வரை ரயில், அங்கிருந்து செவியோவுக்கு பஸ், அப்புறம் மலையேறும் இன்னொரு பஸ். போவதற்கே நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். செவியோவிலிருந்து பஸ் குறைவு, அதனால் திரும்பும் நேரத்தை முதலில் பார்த்து வையுங்கள். முந்தின இரவு லொகார்னோவில் தங்கினால் பெரியவர்களுக்கு அலுப்புத் தெரியாது.

ஊர் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாநிலத்திலேயே உயரமான கிராமம் அதுதான். வாலிஸ் பகுதியிலிருந்து கிளம்பிய வால்சர் குடியானவர்கள், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பொமாட் பள்ளத்தாக்கில் குடியிருந்துவிட்டு, கணவாய் தாண்டி 13ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தார்கள். 1253இல் தேவாலயமே கட்டி முடித்துவிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த பழைய ஜெர்மன் இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது. சூரிச் ஜெர்மன் தெரிந்தவர்களுக்கே அது சட்டென்று பிடிபடாது. பேசுகிறவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். என்னைக் கேட்டால், இப்போதே போய்க் கேட்டுவிட வேண்டும் என்பேன்.

முதலில் வால்சர் வீட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். 1386ஆம் ஆண்டு வீடு அது. 1938இல் அருங்காட்சியகமானது. உள்ளே சுவரில் பலகையால் மூடிய சின்னத் திறப்பு ஒன்று இருக்கும். பெயர் ‘சேலபால்கா’, ஆன்மாவின் ஜன்னல். வீட்டில் ஒருவர் இறந்தால் பலகையைத் தள்ளித் திறப்பார்கள். உயிர் வெளியே போனதும் திரும்பி வராதபடி மூடிவிடுவார்கள். அம்மாவை அதன் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். 1695இலும் 1749இலும் பனிச்சரிவு பல உயிர்களை வாரிக்கொண்டு போன ஊர் அது. அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தச் சின்னப் பலகை மனதை விட்டு அகலாது.

இன்னொன்று. க்னோர் சூப் பாக்கெட்டில் கூம்புத் தொப்பியோடு ஒரு குட்டி மனிதன் வருவானே, அவனை 1948இல் வரைந்த ஹன்ஸ் டோமாமிக்கேல் இந்த ஊர்க்காரர்தான். ஊருக்குள் அவர் தீட்டிய ஓவியங்களும் இருக்கின்றன.

முழங்கால் விஷயம்: பஸ் ஊர் வரைக்கும் போகும், சரி. ஆனால் ஊரே சரிவில் இருக்கிறது, அருங்காட்சியகத்திலும் படி ஏற வேண்டியிருக்கும். அப்பாவுக்கு ஊன்றுகோலும் நல்ல பிடிப்புள்ள ஷூவும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரிலேயே மாலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். அருங்காட்சியகம் எல்லா நாளும் திறந்திருக்காது, நாளைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.