வாசகர் கேள்வி, பதில்: விளையில் கிடைத்த கிட்டம்

கேள்வி: திருவட்டாறு பக்கம் எங்கள் விளையில் (தோட்டத்தில்) வாழைக்குழி வெட்டியபோது கருப்புக் கட்டிகள் வந்தன. சாதாரணக் கல்லைவிடக் கனம். கூடவே தடித்த ஓட்டுச் சில்லுகள். ஒன்று கெண்டி மூக்கு மாதிரி இருக்கிறது. டச்சுத் தளபதி டிலனாய் பீரங்கி வார்த்த மிச்சம் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. சரியா?

பதில்: 1741-இல் குளச்சலில் தோற்ற டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்து பீரங்கி வார்த்தது உண்மைதான். ஆனால் அது புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள். உங்கள் விளைக்கு அவர் எதற்கு வரவேண்டும்?

நீங்கள் அனுப்பிய படத்தில் கட்டியின் மேல்பக்கம் கருப்பட்டிப் பாகு வழிந்து இறுகியது போல வரி வரியாக இருக்கிறது. அது இரும்புக் கிட்டம், அதாவது தாதுவிலிருந்து இரும்பு எடுக்கும்போது மிஞ்சும் கழிவு. இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். ஊர் உலை அவ்வளவு சூடேறாது. 1,200 டிகிரி அளவில் தாதுவின் கழிவு மட்டும் உருகி வழியும், இரும்பு கடற்பஞ்சு போல உள்ளே தங்கும். அதைத்தான் அடித்து அடித்துக் கட்டியாக்கினார்கள். வரி இல்லாமல் கிண்ணத்தின் அடி போல அடிப்பக்கம் புடைத்த கட்டிகளும் இருந்தால், அங்கே கொல்லுப்பட்டறையும் இருந்திருக்கலாம். விண்கல் என்று யாராவது விலை பேச வந்தால் நம்பாதீர்கள். விண்கல்லில் இத்தனை குமிழித் துளைகள் இருப்பதில்லை.

அந்தக் கெண்டி மூக்கின் நுனியைக் கவனியுங்கள். கண்ணாடி போல உருகிப் பளபளத்தால் அது துருத்திக் குழாய், உலைக்குள் காற்று ஊதிய மண்குழாய். எனக்கு அதுதான் பொக்கிஷம். மற்ற ஓடுகளில் உள்ளே கருப்பும் வெளியே சிவப்புமாக ஏதாவது இருக்கிறதா? பானையைக் கவிழ்த்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாமல் அப்படி ஆகும்.

கேள்வி: தூத்துக்குடி மாவட்டம் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பு மாதிரி 5,000 வருடப் பழமை இருக்குமா?

பதில்: கிட்டத்தைப் பார்த்து வயது சொல்ல முடியாது. ஊர் உலைகள் 19-ஆம் நூற்றாண்டு வரை எரிந்தன. சீமை இரும்பு மலிவாக வந்தபிறகுதான் அணைந்தன. வயதைச் சொல்வது கிட்டத்துக்குள் சிக்கிய கரித்துண்டு. ஆகவே கழுவாதீர்கள், குழியை மேலும் தோண்டாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அதுவரை வாழையை நாலடி தள்ளி நடுங்கள்.