சோபாவின் கை 24 அங்குலம், பழைய மேசை 28: காலை வெட்டலாமா?

கேள்வி: மூன்று பேர் அமரும் புது சோபா வாங்கியிருக்கிறோம். தரையிலிருந்து அதன் கை 24 அங்குல உயரம். ஒரு பக்கம் பழைய மர மேசையும், மறுபக்கம் இரும்புக் காலும் கண்ணாடிப் பலகையும் உள்ள புது மேசையும் வைக்க ஆசை. வியாபாரி காட்டிய வட்ட மேசை, நடுவில் ஒற்றைத் தூணும் கீழே மூன்று கால்களும் கொண்டது. உயரம் 28 அங்குலம். "நூறு வருஷத்துப் பொருள், காலைக் குறைத்தும் தருகிறேன்" என்கிறார். நம்பி வாங்கலாமா? பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று பொருந்துமா?

பதில்: காலை வெட்ட விடாதீர்கள். சோபாவின் பக்கவாட்டு மேசை அதன் கைக்குச் சமமாகவோ, ஓரிரு அங்குலம் தாழ்வாகவோ இருக்க வேண்டும். உங்களுக்கு 22 முதல் 24 அங்குலம் சரி. 28 என்றால், சாய்ந்து உட்கார்ந்தபடி தம்ளரை வைக்க ஒவ்வொரு முறையும் தோளைத் தூக்க வேண்டிவரும். பழைய துணைமேசைகள் பலவும் 27, 28, 30 அங்குலம்தான். அவை நிமிர்ந்து உட்காரும் உயரமான நாற்காலிகளுக்காகச் செய்யப்பட்டவை. இன்றைய சோபாக்கள் தாழ்ந்துவிட்டன. 28 அங்குலத்தில் விலைபோகாத சரக்கைத் தள்ளிவிடத்தான் "குறைத்துத் தருகிறேன்" என்ற சலுகை.

வெட்டினால் என்ன கெடும்? நீங்கள் சொல்லும் மேசையில் கால்களை அறுக்கவே முடியாது, தூணைத்தான் அறுக்க வேண்டும். கடைசலில் பிடித்த உருவம் நடுவில் முறியும். அறுத்த இடத்தை டோவல் என்ற உருளை மரக்குச்சியும் பசையும் வைத்து ஒட்டுவார்கள். பாரம் முழுவதும் அந்த ஒட்டில் நிற்கும். நான்கு கால் மேசை என்றால் கால் கீழே போகப்போக மெலிந்துவரும்; நான்கு அங்குலம் போனால் பாதம் போய், தடித்த கட்டை தரையில் நிற்கும். அதன்பின் அது பழம்பொருளாக விலைபோகாது. 23 அங்குலப் பழைய மேசை தேடினால் கிடைக்கும். அரை அங்குலம் குட்டையாக இருந்தால் பாதத்தில் ஃபெல்ட் என்ற தடித்த கம்பளித் துண்டோ நைலான் குமிழோ ஒட்டிக்கொள்ளலாம். ஏற்றுவது சுலபம், இறக்குவதுதான் ஆகாது.

பொருத்தம் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். இரண்டும் இரட்டைப்பிள்ளைகளாக இருக்கத் தேவையில்லை. பலகை உயரம் இரண்டிலும் ஓர் அங்குல வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். ஏதாவது ஒன்று பொதுவாக இருந்தால் போதும்: பழையதில் பித்தளைப் பிடி இருந்தால் புதியதன் காலும் அதே நிறச்சாயலில் அமையட்டும். கண்ணாடி மேசை கண்ணுக்கு லேசாகத் தெரியும், அதன்மேல் அடிப்பாகம் கனத்த விளக்கை வையுங்கள். விளக்குக்கூண்டின் கீழ்விளிம்பு, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்துக்கு, பெரும்பாலும் தரையிலிருந்து 40 அங்குலத்தை ஒட்டி, வர வேண்டும். அதைவிட மேலே போனால் பல்பு கண்ணைக் குத்தும். மேசையின் முன்விளிம்பு சோபா இருக்கையின் முன்விளிம்பைத் தாண்டக் கூடாது, தாண்டினால் போகிறவர் வருகிறவர் முழங்காலில் இடிக்கும்.

இனி அந்த "நூறு வருஷம்". வியாபார வழக்கில் நூறு ஆண்டு கடந்ததை ஆன்டிக் என்பார்கள். விண்டேஜ் என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வரம்பும் இல்லை, போன வாரம் செய்ததற்குக்கூட "விண்டேஜ் ஸ்டைல்" என்று சீட்டு ஒட்டுகிறார்கள். அவர் சான்றிதழ் நீட்டினாலும், அது அவரே அச்சடித்ததாக இருக்கலாம். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்.

வட்டப் பலகையின் விட்டத்தை இரண்டு திசையில் அளங்கள்: மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒன்று, ரேகைக்குக் குறுக்கே ஒன்று. மரம் குறுக்குவாட்டில்தான் சுருங்கும். 24 அங்குலப் பலகை பல பத்தாண்டுகளில் குறுக்கே சில மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும், வட்டம் லேசாக முட்டை வடிவாகியிருக்கும். இரண்டு அளவும் துல்லியமாக ஒன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள். அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புச் சாயம் பூசியிருந்தாலும் சந்தேகமே, கண்ணில் படாத பக்கத்துக்கு அந்தக்காலத் தச்சர் மெனக்கெட்டுப் பூசுவது அபூர்வம். வண்டு துளைத்த ஓட்டை மேற்பரப்பில் புள்ளிபுள்ளியாகத் தெரியலாம். ஆனால் துளை நீளவாக்கில் பிளந்து வாய்க்காலாகத் தெரிந்தால், வண்டு அரித்த பழைய மரத்தைப் பின்னால் அறுத்து இழைத்திருக்கிறார்கள். மரம் பழையது, மேசை புதியது. "பழைய மரத்தில் செய்தது" என்ற பேச்சின் சூட்சுமம் இதுதான்.

அடுத்து ஸ்க்ரூ. தலையில் கூட்டல் குறி வெட்டிய ஸ்க்ரூ 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. நூறு வருஷ மேசையில் அது இருந்தால் பொய் என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடத் தோன்றும். இங்கே கொஞ்சம் பொறுங்கள். பழுதுபார்க்கும்போது ஒன்றிரண்டு ஸ்க்ரூ மாறியிருக்கலாம், அது குற்றமில்லை. ஒன்றைக் கழற்றித் துளையைப் பாருங்கள். துளையைச் சுற்றி வேறொரு தலை பதிந்த தடமும் துருக்கறையும் இருந்தால், பழைய ஸ்க்ரூ போய்ப் புதியது வந்திருக்கிறது, மேசை தப்பிக்கும். எல்லா ஸ்க்ரூவும் கூட்டல் குறியாக இருந்து, துளைகள் சுத்தமாக, மரம் வெளிறிப் புதிதாக இருந்தால் மேசை தப்பாது. மாறாக, ஒற்றைக்கோடு வெட்டிய ஸ்க்ரூ இருப்பதாலேயே பழையது என்றும் ஆகிவிடாது. அது இன்றும் கடையில் கிடைக்கிறது, மோசடிக்காரர்கள் தேடி வாங்குவதும் அதைத்தான். ஆக, பார்க்க வேண்டியது துளையைத்தான்.

ஒற்றைத் தூண் மேசையில் இன்னொரு சோதனை உண்டு. இரண்டு கால்களுக்கு நடுவே, பலகையின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். எதிர்ப்பக்கக் கால் சட்டென்று எழும்பினால் விளக்கு வைக்க அது லாயக்கில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பேச்சே வேண்டாம்.

புது மேசைக்கு வருவோம். அளவு எழுதுவதில் இந்தத் தொழிலுக்கு ஏன் ஒரு ஒழுங்கு இல்லையோ தெரியவில்லை. ஒருவர் அகலத்தை முதலில் போடுகிறார், ஒருவர் உயரத்தை. ஓரத்தில் கம்பி எழும்பிய மேசைக்குக் கம்பியின் நுனிவரை அளந்து எழுதுகிறார்கள். உங்களுக்குத் தேவை பொருள் வைக்கும் பரப்பின் உயரம். கேட்டு எழுதி வாங்குங்கள். "என்ஜினியர்டு வுட்" என்பது பிளைவுட்டாகவும் இருக்கலாம், மரத்தூளைப் பசையில் அழுத்திய பலகையாகவும் இருக்கலாம். பிந்தையதில் தண்ணீர் இறங்கினால் ஓரம் உப்பும், மறுபடி வடியாது. கழற்றி மாட்டக்கூடியது என்றால் இரண்டு மூன்று தடவைக்குமேல் ஸ்க்ரூ பிடிமானம் தளரும். கண்ணாடியில் டெம்பர்டு, அதாவது சூடேற்றி உறுதியாக்கியது, என்ற முத்திரை இருக்கிறதா என்று மூலையில் தேடுங்கள், கனம் 8 மி.மீ. இருந்தால் நல்லது. டெம்பர்டு கண்ணாடியைப் பிறகு அறுக்கவோ துளைக்கவோ முடியாது, நொறுங்கிவிடும். எனவே அளவு முதலிலேயே சரியாக இருக்கட்டும்.

பழையதில் அரக்கு பாலிஷ் இருந்தால் சூடான தம்ளர் வெள்ளை வளையம் போடும். அடிவிளிம்பில் மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு, அடியில் கோஸ்டர் என்ற சிறு தட்டு இல்லாமல் அதன்மேல் எதையும் வைக்காதீர்கள். பளபளக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சுரண்டி பி.யு. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகை) பாலிஷ் அடித்துத் தருவதாகச் சொன்னால், அதுவும் காலை வெட்டுவதற்குச் சமம். பெயின்ட் அடித்த பழைய மேசை என்றால் உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

பணம் கொடுக்கும் முன், வண்டுத் துளைகளைத் துடைத்துவிட்டு, மேசையைக் கறுப்புக் காகிதத்தின்மேல் பத்து நாள் வியாபாரியிடமே நிற்க விடுங்கள். வெளிர்நிறத் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. மருந்தடித்துத் தருகிறேன் என்றாலும், மறுபடி பத்து நாள் காகிதத்தில் நிறுத்திப் பார்க்காமல் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.