ஆக்டிவ் டைரக்டரி யூசர்களுக்கு ஃபைல் சர்வரில் ஹோம் டைரக்டரி தானாக உருவாக என்ன செய்ய வேண்டும்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால்: பெங்களூரு பொம்மனஹள்ளியில் 60 பேர் வேலை பார்க்கும் ஆபீஸ். லாகின் ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது யூசர் கணக்குகளை ஒரே இடத்தில் வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவையில். ஒரே லினக்ஸ் ஃபைல் சர்வர். பாதிப் பேர் விண்டோஸிலிருந்து சாம்பா (லினக்ஸ் ஃபைல்களை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) வழியாக வருகிறார்கள், மீதிப் பேர் உபுண்டுவிலிருந்து என்எஃப்எஸ் (லினக்ஸ் மெஷின்களுக்கிடையே ஃபைல் பகிரும் முறை) வழியாக. புது ஆள் சேரும்போதெல்லாம் யாராவது சர்வரில் ஏறி அவருடைய ஃபைல்களுக்கான ஹோம் டைரக்டரி போட்டு, ஓனரை மாற்ற வேண்டியிருக்கிறது. உபுண்டு மெஷின்களில் பாம் எம்கேஹோம்டிர் (லாகினின்போது ஹோம் இல்லையென்றால் உருவாக்கும் மாட்யூல்) போட்டுப் பார்த்தால் 'பெர்மிஷன் டினைட்'.

எம்கேஹோம்டிர் ஓடுகிற இடம்தான் தப்பு. அது யூசர் லாகின் செய்யும் மெஷினில், அந்த மெஷினின் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள கணக்காக) ஓடுகிறது. என்எஃப்எஸ் எக்ஸ்போர்ட்டில் (எந்த டைரக்டரியை எப்படிப் பகிர்வது என்ற சர்வர் அமைப்பில்) 'ரூட் ஸ்குவாஷ்' இயல்பாகவே ஆனாக இருப்பதால், கிளையன்ட்டின் ரூட் சர்வருக்கு வந்து சேரும்போது 65534 என்ற எண்ணுள்ள, உரிமை ஏதுமில்லாத 'நோபடி' கணக்கு ஆகிவிடுகிறது. நோபடிக்கு ஹோம் எல்லாம் இருக்கும் டைரக்டரியில் எழுத உரிமை கிடையாது. 'நோ ரூட் ஸ்குவாஷ்' போட்டால் சரியாகும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். போடாதீர்கள். எந்த ஒரு டெஸ்க்டாப்பில் ரூட் கிடைத்தாலும், 60 பேரின் ஃபைலும் அவர் கையில்.

இதைவிடப் பெரிய வம்பு ஒன்று உண்டு. என்எஃப்எஸ் மவுன்ட் ஆகாத (சர்வரின் டைரக்டரி மெஷினில் வந்து இணையாத) நாளில் எம்கேஹோம்டிர் சத்தமில்லாமல் உள்ளூர் டிஸ்க்கிலேயே ஒரு ஹோமை உருவாக்கிவிடும். யூசர் நாள் முழுக்க அதில் வேலை செய்வார். மறுநாள் மவுன்ட் சரியானதும், நேற்றைய ஃபைல்கள் அதற்கு அடியில் மறைந்துவிடும். போன் வரும்: "என் ஃபைலைக் காணோம்." ஃபைல் எங்கும் போகவில்லை. ரூட் பார்ட்டிஷனை வேறொரு இடத்தில் பைண்ட் மவுன்ட் செய்து (இன்னொரு பாதையிலும் தெரியவைத்து) பார்த்தால் அங்கேயே இருக்கும். அதனால் டெஸ்க்டாப்களில் 'பாம் ஆத் அப்டேட்' கமாண்டை ஓட்டி, ஹோம் டைரக்டரி உருவாக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். லோக்கல் ஹோமிலேயே இருக்க வேண்டிய லேப்டாப்களுக்கு மட்டும் அது இருக்கட்டும்.

டைரக்டரி சர்வரில்தான் பிறக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு சோதனை. சர்வரிலும் ஒரு உபுண்டு மெஷினிலும் ஒரே யூசருக்கு 'ஐடி' கமாண்டை ஓட்டிப் பாருங்கள். யூசரின் எண் (யுஐடி) வேறாக இருந்தால் மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம். சாம்பா 4.8-லிருந்து, ஆக்டிவ் டைரக்டரியில் சேர்ந்த ('டொமைன் மெம்பர்') சர்வரில், அதன் யூசர்களை லினக்ஸுக்குக் காட்டும் வின்பைண்ட் ஓடியே ஆக வேண்டும். உபுண்டுவிலோ பெரும்பாலும் அதே வேலைக்கு எஸ்எஸ்எஸ்டி இருக்கும். இரண்டும் விண்டோஸ் எஸ்ஐடியிலிருந்து (ஒவ்வொரு கணக்குக்கும் விண்டோஸ் தரும் அடையாளத்திலிருந்து) யுஐடியைத் தனித்தனிக் கணக்கில் போடுகின்றன. தீர்வு, ஆக்டிவ் டைரக்டரியிலேயே யுஐடி நம்பர், ஜிஐடி (குரூப் எண்) நம்பர் ஃபீல்டுகளை நிரப்புவது. பிறகு இரண்டும் அந்த எண்களையே எடுக்க, வின்பைண்டில் ஐடிமேப் பேக்எண்ட் 'ஏடி', எஸ்எஸ்எஸ்டியில் எல்டாப் ஐடி மேப்பிங் 'ஃபால்ஸ்', கூடவே எஸ்எஸ்எஸ்டி கேஷை முழுசாக அழிப்பது. இங்கே வழக்கமாகச் சறுக்கும் இடம்: 'டொமைன் யூசர்ஸ்' குரூப்புக்கு ஜிஐடி நம்பர் கொடுக்க மறந்துவிடுவார்கள். அது இல்லாவிட்டால் வின்பைண்டுக்கு ஒரு யூசர்கூடக் கண்ணில் தெரியாது.

சாம்பா பக்கம் சுலபம், எல்லாம் அதன் கான்ஃபிக் ஃபைலில். 'ஹோம்ஸ்' செக்‌ஷனில் 'ரூட் ப்ரீஎக்ஸெக்' என்ற வரியில் ஹோமை உருவாக்கும் உங்கள் ஸ்கிரிப்டைக் (அதில் இருக்க வேண்டியது கீழே) கொடுங்கள், அடுத்த வரியில் 'ரூட் ப்ரீஎக்ஸெக் க்ளோஸ்' 'யெஸ்'. யூசர் ஷேரைத் தொடும்போது, ஷேர் திறப்பதற்கு முன் இந்த ஸ்கிரிப்ட் சர்வரில் ரூட்டாக ஓடும். ஸ்கிரிப்ட் தோற்றால் ஷேரும் திறக்காது. ஸ்கிரிப்டுக்கு யூசர் பெயரை அனுப்ப சதவீதக் குறியோடு பெரிய யூ போடுவதைப் பல இடங்களில் பார்ப்பீர்கள். அது கிளையன்ட் கேட்ட பெயர். சர்வர் ஒப்புக்கொண்ட பெயராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அதற்குப் பதில் சதவீதக் குறியோடு பெரிய எஸ், அதாவது ஷேரின் பெயர், போடுங்கள். 'ஹோம்ஸ்' செக்‌ஷனில் ஷேரின் பெயரே யூசரின் பெயர்தான்.

'ஓபே பாம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்' என்ற வரியைச் சாம்பாவில் போட்டு, சர்வரிலேயே எம்கேஹோம்டிரை ஓடவிடுவதும் ஒரு வழி. வேலை செய்யும். ஆனால் கீழே சொல்லும் சோதனைகளுக்கு அதில் இடமில்லை, கோட்டாவும் (ஆளுக்கு இவ்வளவு இடம் என்ற வரம்பும்) போட முடியாது.

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், வரிசைதான் இதில் முக்கியம்.

முதல் வரி, ஹோம் டிஸ்க் உண்மையிலேயே மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று 'மவுன்ட்பாயின்ட்' கமாண்டால் பார்ப்பது. மழைக்காலத்தில் மாலை நாலு மணிக்குக் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் கைவிட்டு, சர்வர் மறுபடி எழுந்திருக்கும்போது டேட்டா டிஸ்க் வராமல் போகலாம். இந்தச் சோதனை இல்லாத ஸ்கிரிப்ட், காலி மவுன்ட் பாயின்ட்டைப் பார்த்து எல்லாரும் புதியவர்கள் என்று நினைத்து, 60 காலி ஹோம்களை ஓஎஸ் டிஸ்க்கில் வரிசையாகப் போட்டுவிடும்.

அடுத்து பெயர். சிறிய எழுத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸுக்கு எழுத்தின் அளவு ஒரு பொருட்டில்லை, லினக்ஸுக்கு உண்டு; ஒரே ஆளுக்கு இரண்டு ஹோம் உருவாவது இப்படித்தான். எழுத்து, எண், புள்ளி, கோடு தவிர வேறு எது வந்தாலும் வெளியேறுங்கள், புள்ளியில் தொடங்கினாலும் வெளியேறுங்கள். ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்டுக்குள் சாய்கோடு வரவே கூடாது. நம் ஊர்ப் பெயர்களுக்கு இன்னொன்றும் உண்டு: சாம் அக்கவுன்ட் நேம், அதாவது ஆக்டிவ் டைரக்டரியின் லாகின் பெயர், 20 எழுத்தைத் தாண்டாது. வெங்கடசுப்பிரமணியன் ஆங்கிலத்தில் 18 எழுத்து. புள்ளியும் ஒரு இனிஷியலும் சேர்த்தால் சரியாக 20. இரண்டு இனிஷியல் என்றால் வெட்டித்தான் வைத்திருப்பார்கள். எனவே மெயில் ஐடியைப் பார்த்து டைரக்டரிப் பெயரை ஊகிக்காதீர்கள்.

பிறகு அந்தப் பெயருக்கு யுஐடி கிடைக்கிறதா என்று பார்ப்பது. கிடைக்காவிட்டால் தோல்வி. டைரக்டரி ஏற்கெனவே இருந்து ஓனரும் சரி என்றால் வெற்றி. இருந்து ஓனர் வேறு என்றால், எதையும் மாற்றாமல் லாகில் எழுதிவிட்டுத் தோல்வி. ஓனரை மாற்றும் 'சோன்' கமாண்டைப் போட்டுச் சரிசெய்ய ஸ்கிரிப்டை அனுமதிக்காதீர்கள். விட்டுப்போனவரின் ஃபைல்கள் அதே பெயரில் வந்த புது ஆளுக்குப் போய்ச் சேருவது அந்த ஒரு வரியால்தான்.

உருவாக்கும்போது நேராக இறுதிப் பெயரில் உருவாக்க வேண்டாம். விண்டோஸ் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இணைப்பு போடும். ஸ்கெல் (புது ஹோமுக்கான மாதிரி ஃபைல்கள்) பாதிதான் காப்பியான ஹோமை இரண்டாவது இணைப்பு பார்த்துவிடும். அதே டிஸ்க்கில் தற்காலிகப் பெயரில் உருவாக்கி, ஸ்கெல்லைக் காப்பி செய்து, 'சோன்' செய்து, 0700 (ஓனருக்கு மட்டும் அனுமதி) வைத்து, கோட்டா போட்டு, கடைசியில் பெயர் மாற்றும் 'எம்வி' கமாண்டைப் பெரிய டி ஆப்ஷனோடு ஓட்டி இறுதிப் பெயருக்கு மாற்றுங்கள். இன்னொரு ஸ்கிரிப்ட் முந்திக்கொண்டிருந்தால் 'எம்வி' தோற்கும்; தற்காலிகத்தை அழித்துவிட்டு வெற்றி என்று திரும்பலாம். இசட்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் வைத்து ஆளுக்கொரு டேட்டாசெட் (தனியாக மவுன்ட் ஆகும் பகுதி) போடுபவர்கள், எக்ஸ்போர்ட்டில் 'கிராஸ்மவுன்ட்' சேர்க்க வேண்டும். இல்லையென்றால் உபுண்டுவில் ஒவ்வொரு ஹோமும் காலியாகத் தெரியும்.

இனி உபுண்டு ஆட்கள். அவர்கள் சாம்பாவைத் தொடாமலே லாகின் செய்வார்கள், ப்ரீஎக்ஸெக் ஓடாது. அதே ஸ்கிரிப்டை சர்வரில் ஒரு சிஸ்டம்டி டைமர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டட்டும். பெயர்ப் பட்டியலுக்கு, யூசர்களைப் பட்டியலிடும் 'கெட்என்ட் பாஸ்வேர்டு' கமாண்ட் உதவாது. வின்பைண்ட் இயல்பாக எல்லா யூசரையும் பட்டியலிடாது. 'டொமைன் யூசர்ஸ்' குரூப்பையும் நம்ப முடியாது. அது பிரைமரி குரூப், ஆட்களின் பெயர் அதன் மெம்பர் பட்டியலில் எழுதப்படுவதில்லை. தனியாக ஒரு செக்யூரிட்டி குரூப் வைத்து, புது ஆளைச் சேர்க்கும்போது எச்ஆர் படிவத்தோடு அதிலும் சேர்த்துவிடுங்கள்.

ஆட்டோஎஃப்எஸ் (தேவைப்படும்போது மட்டும் மவுன்ட் செய்யும் மென்பொருள்) வைத்து, அதில் வைல்டுகார்டு மேப் (எல்லா யூசருக்கும் பொதுவான ஒரே வரி) போட்டிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். டைரக்டரி வருவதற்கு முன் யூசர் ஒருமுறை முயன்றுவிட்டால், அந்தத் தோல்வியை அது 60 விநாடி நினைவில் வைத்திருக்கும். சர்வரில் டைரக்டரி வந்த பிறகும் "இல்லை" என்றே சொல்லும். ஒரு நிமிடம் பொறுத்தால் போதும், ரீபூட் வேண்டாம். 60 பேருக்கு ஆட்டோஎஃப்எஸ்ஸே தேவையில்லை, ஹோம் முழுவதையும் ஒரே மவுன்ட்டாக வைப்பதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

ஹோம் பாதையை டொமைன் பெயர் இல்லாமல், ஹோமுக்கு நேர் கீழே யூசர் பெயராக வையுங்கள். வின்பைண்டின் இயல்பான டெம்ப்ளேட் நடுவில் டொமைன் பெயரைச் செருகும். உபுண்டு 21.10 முதல் ஃபயர்ஃபாக்ஸ் இயல்பாக ஸ்னாப்பாக (தனி வேலிக்குள் ஓடும் உபுண்டுவின் பேக்கேஜாக) வருகிறது. தனியாகச் சொல்லி வைக்காவிட்டால் அப்படி ஒரு படி உள்ளே தள்ளிய ஹோமில் ஸ்னாப் எதுவும் திறக்காது. அதைப் புரிந்துகொள்ளவே ஒரு சாயங்காலம் போய்விடும்.

எல்லாம் முடிந்து, உபுண்டுவில் ஓனர் நோபடி என்று தெரிந்தால், டைரக்டரியைக் கை வைக்காதீர்கள். சர்வரில் எண் சரியாக இருக்கும். என்எஃப்எஸ்ஸில் பெயரையும் எண்ணையும் பொருத்துவது ஐடிமேப்டி; இரு பக்கத்து ஐடிமேப்டி கான்ஃபிக்கிலும் டொமைன் வரி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.