அரியரும் இருக்கிறது, மேற்படிப்பு ஆசையும் இருக்கிறது: கேள்வி பதில்

அண்ணா, அண்ணா பல்கலை இணைப்புக் கல்லூரியில் மெக்கானிக்கல், ஐந்தாம் செமஸ்டர். டிபிடிஇ (உருமாற்றங்கள், பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் பற்றிய கணிதப் பாடம்), தெர்மோ (வெப்ப இயக்கவியல்) இரண்டும் அரியர். நான்கு வருடத்தில் முடித்து ஐஐடியில் எம்.டெக் சேர முடியுமா?

முடியும் தம்பி. இந்த நவம்பர்/டிசம்பரையும் சேர்த்தால் நான்கு தேர்வுகள் கையில் இருக்கின்றன. ஆனால் மூன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் செமஸ்டரோடு எழுதும் அரியரில் போனால், அடுத்த வாய்ப்பு வருவதற்குள் சேர்க்கை முடிந்துவிடும்.

இன்னொன்று. அரியருக்கு ஒரு படிப்பு, எம்.டெக் சேர்வதற்கான கேட் நுழைவுத் தேர்வுக்கு ஒரு படிப்பு என்று பிரிக்காதீர்கள். மெக்கானிக்கல் கேட் பாடத்திட்டத்தில் தெர்மோ அப்படியே இருக்கிறது, ஃபூரியர் தொடரும் இருக்கிறது. 100 மதிப்பெண்ணில் பொறியியல் கணிதத்துக்கு மட்டும் 13, பொதுத்திறனுக்கு 15. டிபிடிஇயில் ஃபூரியர் தொடர், ஃபூரியர் உருமாற்றம், இசட் உருமாற்றம் மூன்றும் செய்முறை மாறாத பகுதிகள். பழைய வினாத்தாளை எடுத்து, விடையைப் பார்க்காமல் கையால் போட்டுப் பாருங்கள். வீடியோ பார்த்துத் தலையாட்டினால் பாஸ் வராது.

மூன்றாம் ஆண்டிலேயே கேட் எழுதலாமா?

எழுதலாம், எழுதுங்கள். மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். 2026 மார்ச்சில் முடிவு வந்தால் 2029 மார்ச் வரை. நெகட்டிவ் மார்க் சரியான ஒரு விடையை மட்டும் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்குத்தான். எண்ணை டைப் செய்யும் கேள்விகளுக்குக் கிடையாது, அவற்றை வெறுமனே விடாதீர்கள். கேட் வழியாக எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. வீட்டில் கேட்பார்கள், சொல்லிவையுங்கள்.

நன்றாக எழுதியும் ஒரு பேப்பர் போய்விட்டது. ரீவேல்யூவேஷன் (மறுமதிப்பீடு) போடலாமா?

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். வந்ததும் பாடம் நடத்தியவரிடமே காட்டுங்கள். திருத்தாமல் விட்ட பக்கமோ கூட்டலில் தவறோ இருக்கிறது என்று அவர் சொன்னால் பணம் கட்டுங்கள். முடிவு வரும்வரை புத்தகத்தை மூடிவைத்துக் காத்திருப்பவர்கள்தான் அடுத்த தேர்விலும் மாட்டுகிறார்கள்.

சார், மகளுக்கு டைபாய்டு. வருகை 70 சதவீதத்தில் நிற்கிறது. ஒரு வருடம் வீணாகிவிடுமா?

பயப்படாதீர்கள் ஐயா. 75 வேண்டும், ஆனால் 65க்குக் கீழே போகாதவரை மருத்துவச் சான்றிதழோடு கண்டோனேஷன், அதாவது வருகைக் குறைவுக்கு விலக்கு, கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியை இப்போதே துறைத்தலைவரிடம் கொடுத்துவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் ஓட வேண்டாம். 65க்குக் கீழே போனால்தான் அந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டிவரும்.

சிஜிபிஏ 8. ஜெர்மனிக்குப் போதுமா?

அங்கே 1தான் உச்சம், 4 கடைசித் தேர்ச்சி. நம் ஊர் உச்சமான 10இலிருந்து உங்கள் சிஜிபிஏவைக் கழித்து, அந்த 10க்கும் நம் ஊர் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். தேர்ச்சி எல்லை 5 என்றால் உங்களுக்கு 2.2 வரும். 2.5 வரை கேட்கும் படிப்புகள் நிறைய உண்டு. உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் மாணவர் விசா நகராது, அதனால் ஏழாம் செமஸ்டரிலேயே அதைத் தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம் முதல்வரிடம் வாங்கினால் கெத்தா?

உங்கள் பெயரே தெரியாதவர் என்ன எழுதுவார்? புராஜெக்ட் கைடிடம் கேளுங்கள்.