கேளுங்கள், சொல்கிறேன்: வீணையும் தூரிகையும்

(பதில் சொல்பவர்: பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வீணையும் சொல்லித் தருகிறார்.)

கே: என் மகள் பத்தாம் வகுப்பு. வீணை கற்கிறாள், நன்றாக வரைவாள். “ரெட்டைக் குதிரை சவாரி வேண்டாம், ஒன்றை விடு” என்கிறார்கள் வீட்டில். எதை விடச் சொல்ல? – ஒரு தாய், நங்கநல்லூர்

ப: எதையும் விடச் சொல்லாதீங்க அம்மா. பொதுத்தேர்வு முடியும்வரை இரண்டையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும்.

மயிலாப்பூர் நடுத்தெருவில் எஸ். ராஜம் (1919–2010) இருந்தார்; பாட்டு, ஓவியம் இரண்டையும் விடாதவர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் சபாக்களில் மாலையோடு பார்க்கிறோமே, நம் மனத்தில் பதிந்த அந்த முகங்கள் அவர் வரைந்தவை. எழும்பூர் ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தார்; மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர்தான் அந்த சௌத்ரி. பாட்டுக்குப் பாபநாசம் சிவன் போன்றவர்கள். நடுவில் 1934இல் ‘சீதா கல்யாணம்’ படத்தில் ராமர் வேஷம் வேறு!

பாட்டிலும் அவர் சுலப வழியில் போகவில்லை. 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் ராகங்களில், 40 விவாதி மேளங்கள்; ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்கள் உள்ளவை. பாடினால் தோஷம் என்று பலர் ஒதுக்கியவை. கோடீஸ்வர ஐயர் 72இலும் தமிழில் கீர்த்தனை செய்தார்; அவற்றை விடாமல் பாடிப் பரப்பியவர் ராஜம். சம்பளம் வானொலி நிலையத்தில். வாங்குபவர் முகம் பார்த்து வரையாமல் இருக்க அந்தச் சம்பளம்தான் தைரியம் கொடுத்திருக்கும் என்பது என் கணக்கு.

உங்கள் மகளுக்கு நிஜமான தொந்தரவு வேறு இடத்தில் வரும். வீணை வாசிக்கும்போது இடது கை விரல் வழுக்கிப் போக எண்ணெய் தொடுவோம். அந்த விரல் வாட்டர்கலர் தாளில் பட்டால் போச்சு. அந்த இடத்தில் வண்ணம் பிடிக்காது, திட்டாக நிற்கும். வாஷ் முறையில் வரைந்தால் இன்னும் மோசம்: வண்ணம் பூசி, காயவிட்டு, தாளைத் தண்ணீரில் நனைத்து எடுத்து, மறுபடி பூசி என்று பல முறை போகும் வேலை. மூன்றாவது பூச்சில்தான் அந்த எண்ணெய் விரல் பல்லிளிக்கும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போது ஓவியம், விளக்கு வைத்த பிறகு வீணை. நான் இன்றும் அப்படித்தான். சோப்புப் போட்டுக் கழுவினால் போதாதா என்பாள். போதாது.

கே: இசையா ஓவியமா, எதைக் கல்லூரியில் படிப்பது? – மாணவன், வியாசர்பாடி

ப: எழும்பூர் கவின் கலைக் கல்லூரியும் அடையாறு பக்கம் உள்ள அரசு இசைக் கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன, தம்பி. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டிலும் உட்கார முடியாது. பாட்டுக்கு வீடு தேடி வரும் வாத்தியார் கிடைப்பார். மண்ணும் கல்லும் உலோகமும் வைத்து வேலை செய்ய வீட்டில் இடம் ஏது? ஓவியத்துக்குக் கல்லூரி போ. பாட்டை குருவிடம் வைத்துக்கொள்.

கே: ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். பழைய வீணை ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? – வாசகர், பெரம்பூர்

ப: வீணையின் குடத்தில், அதாவது அந்த உருண்டைப் பகுதியில், விரிசல் இருக்கிறதா பாருங்கள். தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகளான 24 மெட்டும் மெழுகில்தான் நிற்கின்றன. ஸ்வரம் விலகியிருந்தால் பயப்படாதீர்கள், மெட்டுகளை மெழுகில் திரும்பப் பதிக்கும் ‘மேளம் கட்டுபவரிடம்’ கொடுத்தால் சரியாகும். அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். வாங்கிவந்து வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் வைத்துவிடாதீர்கள். நம்ம ஊர் மே மாதத்துக்கு மெழுகு இளகிவிடும்.