இதய மருத்துவர் இருக்கும்போது ‘இபி டாக்டர்’ எதற்கு?

கேள்வி இது: “அம்மாவுக்கு அடிக்கடி திடீர்ப் படபடப்பு வருகிறது. இதய மருத்துவர் பார்த்துவிட்டு, இபி டாக்டரிடம் போகச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார். ஒரு இதய மருத்துவர் பார்த்த பிறகு இன்னொருவர் எதற்கு? அவர் தனியாக என்ன படித்திருப்பார்?”

இபி என்றால் எலக்ட்ரோஃபிசியாலஜி. ரத்தக் குழாய் அடைப்பு, வால்வுக் கோளாறு, இதயத் தசை பலவீனம் எல்லாம் மற்ற இதய மருத்துவர்களின் பாடு. இபி மருத்துவர் பார்ப்பது துடிப்பை உண்டாக்கும் மின்னோட்டத்தை. அது எங்கே கிளம்புகிறது, எங்கே தாமதிக்கிறது, எங்கே போன வழியே திரும்பி வந்து சுற்றுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. அவர் கணக்குப் போடுவது மில்லி விநாடியில்.

படிப்பு நீளமானது. இங்கே சிங்கப்பூரில் யோங் லூ லின் அல்லது லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியில் 5 ஆண்டு. ஏற்கெனவே பட்டம் பெற்றவர் டியூக்-என்யுஎஸ்ஸில் சேர்ந்தால் 4 ஆண்டு. பிறகு பயிற்சி மருத்துவர் பணி, பொது மருத்துவம், இதயவியல் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். நடுவில் எம்ஆர்சிபி என்ற பிரிட்டிஷ் மருத்துவத் தேர்வு வேறு. இத்தனையும் முடித்தால்தான் இதய நிபுணர். அதற்கு மேல் ஓரிரு ஆண்டு இபி பயிற்சி. பலர் இதற்கு வெளிநாட்டு மையங்களுக்குப் போவார்கள். கூட்டினால் 12 முதல் 14 ஆண்டு ஆகிவிடும். ஆண்களுக்குத் தேசிய சேவையும் சேரும்.

ஆண்டுக் கணக்கை வைத்து மட்டும் திறமையை எடைபோட முடியாது. கேதீட்டர் எனும் மெல்லிய வயரை இதயத்துக்குள் கொண்டுபோவது கைப்பழக்கத்தில் வந்துவிடும். திரையில் ஓடும் கோடுகளைப் படித்து, கோளாறான எந்த இடத்தைச் சூடு வைத்துச் சுட வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அந்த நொடியில் முடிவெடுப்பதுதான் கடினம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பெண்களுக்கு, சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிற்கும் படபடப்புக்கு அடிக்கடி காரணமாக இருப்பது ஏவிஎன்ஆர்டி. (உங்கள் அம்மாவுக்கு இதுதான் என்று இசிஜி பார்க்காமல் சொல்ல முடியாது.) இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்னோட்டம் போக வழக்கமாக ஏவி கணு ஒன்றுதான் வாசல். சிலருக்கு அந்த வாசலில் வேகப் பாதை, மெதுப் பாதை என இரண்டு இருக்கும். நேரம் தவறி ஒரு துடிப்பு வந்தால் மெதுப் பாதையில் இறங்கி வேகப் பாதையில் ஏறி, மறுபடி இறங்கிச் சுற்ற ஆரம்பிக்கும். நாடி நிமிடத்துக்கு 150, 200 என்று ஓடும்.

சோதனைக் கூடத்தில் தொடை இடுக்கை மட்டும் மரத்துப்போகச் செய்து, அங்குள்ள சிரை வழியாக 2 மில்லிமீட்டர் கனமுள்ள மூன்று நான்கு கேதீட்டர்களை ஏற்றுவார்கள். ஒன்று வலது மேலறை, ஒன்று ஹிஸ் கற்றை (ஏவி கணுவிலிருந்து மின்னோட்டத்தைக் கீழறைகளுக்குக் கொண்டுபோகும் நார்கள்), ஒன்று வலது கீழறை, இன்னொன்று கொரோனரி சைனஸ் (இதயத்தின் பெரிய சிரை). 600 மில்லி விநாடிக்கு ஒன்றாக எட்டுத் துடிப்பு கொடுத்து, ஒன்பதாவதை முன்கூட்டியே கொடுப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதைப் பத்துப் பத்து மில்லி விநாடியாக முன்னே இழுப்பார்கள். ஒரு கட்டத்தில் கணுவைக் கடக்கும் நேரம் திடீரென்று 50 மில்லி விநாடியோ அதற்கு மேலோ எகிறினால், மெதுப் பாதை இருப்பது தெரிந்துவிடும்.

படபடப்பைத் தொடங்கிவைத்த பிறகுதான் உண்மையான பரீட்சை. இரண்டு மூன்று வகை நோய்கள் திரையில் ஒன்றுபோலவே தெரியும். அதனால் கீழறையிலிருந்து கொஞ்சம் வேகமாகத் துடிப்பு கொடுத்து நிறுத்துவார்கள். சுற்று திரும்பி வர எடுக்கும் நேரம் வழக்கமான சுற்று நேரத்தைவிட 115 மில்லி விநாடிக்கு மேல் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் ஏவிஎன்ஆர்டி. குறைவாக இருந்தால் வேறோர் உபரிப் பாதையைத் தேட வேண்டும். இங்கே தவறினால் சுடும் இடமே தவறிவிடும்.

மெதுப் பாதைக்கும் ஹிஸ் கற்றைக்கும் இடைவெளி மிகக் குறைவு. 30 முதல் 50 வாட் சூடு கொடுக்கும்போது நடுவே மெதுவான சந்தித் துடிப்புகள் (ஏவி கணுப் பகுதியிலிருந்தே கிளம்பும் துடிப்புகள்) வந்தால் நல்ல அறிகுறி. அந்தத் துடிப்புகள் மேலறைக்குத் திரும்பிப் போகவில்லை என்றாலோ, மிக வேகமாக வந்தாலோ சூட்டை உடனே நிறுத்தியாக வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் வாசல் நிரந்தரமாக மூடிக்கொள்ளலாம். பிறகு பேஸ்மேக்கர்தான். நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இப்படி நேர்கிறது. 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறது. நாற்பது வயதுக்காரருக்குக் காலமெல்லாம் மாத்திரை கொடுப்பதைவிட இதுவே மேல் என்பது என் கருத்து.

மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வேறு கதை. அதைத் தூண்டும் பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து வருகின்றன என்று 1998இல் பிரான்சின் போர்டோவில் ஹைசாகேர் குழு காட்டியது. அதிலிருந்து, இதயத்தின் இரண்டு மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரை ஊசியால் துளைத்து இடப்பக்கம் போய் அந்தச் சிரைகளைச் சுற்றிச் சுட்டு, அங்கிருந்து மின்பொறி வெளியே வராதபடி தனிமைப்படுத்துகிறார்கள். சூடு, குளிர் பலூன், இப்போது மின்துடிப்பு என்று கருவிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஆபத்தும் கொஞ்சம் கூடுதல்: இதய உறையில் ரத்தம் தேங்கலாம், பக்கவாதம் வரலாம். அரிதான ஒன்றை மட்டும் வீட்டார் மறக்கக் கூடாது. சூட்டுச் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் காய்ச்சல், விழுங்கும்போது வலி, கை கால் இழுத்தல் வந்தால், உணவுக்குழாயில் ஓட்டை விழுந்திருக்கலாம். அவசரப் பிரிவில் முதலில் இந்தச் சிகிச்சை நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே வேண்டியது சிடி ஸ்கேன். எண்டோஸ்கோப்பியில் ஊதும் காற்று ஓட்டை வழியாக இதயத்துக்குள் போய் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சரி, அம்மாவுக்கு. பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரையோடு மானியத்தில் போனால் இன்ன மருத்துவர்தான் வேண்டும் என்று பொதுவாகக் கேட்க முடியாது. அது பெரிய குறையில்லை, குழுவாகத்தான் பார்ப்பார்கள். படபடப்பு வந்திருக்கும்போது எடுத்த இசிஜி ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. அருகிலுள்ள கிளினிக்கில் ஓடிப்போய் எடுத்ததானாலும், இசிஜி வசதியுள்ள கைக்கடிகாரத்தில் எடுத்த 30 விநாடிப் பதிவானாலும் சரி. மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தால் பதிவெல்லாம் எடுக்க வேண்டாம், 995ஐ அழையுங்கள்.

சோதனைக்குச் சில நாள் முன்பே துடிப்பை அடக்கும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லலாம். அவை உடம்பில் இருந்தால் கூடத்தில் படபடப்பைத் தூண்ட முடியாமல் போகலாம், பட்டினி கிடந்து வந்ததுதான் மிச்சமாகும். ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுபவர் அதையும் சேர்த்துத் தானாக நிறுத்திவிடக் கூடாது. எதை என்றைக்கு நிறுத்துவது என்று ஒவ்வொரு மாத்திரைக்கும் பெயர் சொல்லிக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.