டெல்டா என்றால் வளமா?

கேள்வி: 'டெல்டா' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வளமான நிலம் என்றுதானே பொருள்? எங்கள் கம்பத்திலும் இரண்டு போகம் நெல் விளைகிறது. எங்களையும் டெல்டா என்று அரசு அறிவித்தால் என்ன? (தேனி மாவட்ட வாசகர்)

பதில்: பொருள் அது இல்லை. ஆங்கிலச் சொல்லும் இல்லை. கிரேக்க நெடுங்கணக்கில் நாலாவது எழுத்து, முக்கோணமாகப் போடுவார்கள். நைல் நதி கடலில் சேரும் இடம் அந்த வடிவில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அப்படித்தான் எழுதியிருக்கிறார். 2021-இல் ஒரு கொரோனா வகைக்கு வைத்ததும் இதே எழுத்தைத்தான். அதில் என்ன வளத்தைக் கண்டோம்?

சமதரைக்கு வந்த ஆறு வேகம் குறைந்து, சுமந்து வந்த வண்டலை இறக்கும். அதுவே வழியை அடைக்க, ஆறு கிளை கிளையாகப் பிரியும். முக்கொம்பில் கொள்ளிடம், கல்லணையில் வெண்ணாறு, அப்புறம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று காவிரி எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டுப் போகிறது. திருச்சியில் பாலத்தில் நின்று பார்த்தவர், பூம்புகாரில் கடல் சேரும் காவிரியைப் பார்த்தால் 'இதுவா?' என்பார். வாய்க்கால் அளவுதான் மிஞ்சும். இப்படிப் பிரிந்து முடிவதற்குத்தான் டெல்டா என்று பெயர். வேதாரண்யம் உப்பளமும் அதே டெல்டாவுக்குள்தான் இருக்கிறது. அங்கே போய் நாற்று நடுங்களேன், பார்ப்போம்!

கம்பத்தில் இரண்டு பக்கமும் மலை, கடலோ வெகு தூரம். அது பள்ளத்தாக்கு. விளைச்சலில் யாருக்கும் இளைத்ததும் இல்லை. பிறகு எதற்கு இரவல் பட்டம்?

ஆனால் நீங்கள் மடக்க ஒரு இடம் இருக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். 1934-இல் கல்லணைக் கால்வாய் வெட்டி ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஊர்க்காரர்களுக்கு அது புது ஆறு. வேளாண்மைத் துறை அந்தப் பகுதியைப் 'புது டெல்டா' என்றே எழுதுகிறது. ஆறு போடாத டெல்டா, மண்வெட்டி போட்ட டெல்டா!

காவிரி டெல்டாவில் எண்ணெய், எரிவாயு எடுப்பது போன்ற புதிய திட்டங்களைத் தடுக்க 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நினைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சரி, அந்தப் பாதுகாப்பு கம்பத்துக்கும் வேண்டும் என்று கேளுங்கள், நியாயம்தான். மனுவில் மட்டும் 'பள்ளத்தாக்கு' என்றே எழுதுங்கள்.